பழைய காருக்குப் புது மாடல் வீல்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் வீல் பற்றிய கேள்விகள்தான் அதிகம். பழைய காரை விற்க மனமில்லாமல் நன்றாக வைத்து ஓட்டுகிறவர்கள், அதே கம்பெனியின் புது மாடலில் வரும் வீலைத் தங்கள் காருக்கு மாட்டலாமா என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகள் என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஈரோடு வாசகர்): என்னிடம் 2009 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ இருக்கிறது. 14 அங்குல இரும்பு வீல் (டிஸ்க்). 2021 ஸ்விஃப்ட் இசட்எக்ஸ்ஐ-யில் இருந்து கழற்றிய 15 அங்குல அலாய் நாலும் டயரோடு கிடைக்கிறது. மெக்கானிக் ஒன்றை மாட்டிப் பார்த்துவிட்டு, "கச்சிதமா உக்காருது சார், தாராளமா போடலாம்" என்கிறார். வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: போடலாம். நீங்கள் கேட்டிருப்பது இந்த மாதிரி மாற்றங்களிலேயே நல்ல ஜோடி. ஆனால் உங்கள் மெக்கானிக் சொன்ன காரணம் போதாது. வீல் ஸ்டட்டில் (நட்டு மாட்டும் போல்ட்டில்) ஏறி உட்கார்ந்துவிட்டால் அது காருக்குப் பொருந்திவிட்டது என்று ஆகிவிடாது, அது முதல் படிதான்.

முதல் படியை முதலில் முடித்துவிடுவோம். நாலு ஸ்டட்டும் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டத்தைத்தான் பிசிடி என்கிறோம். 2005-இல் இங்கே வந்த முதல் ஸ்விஃப்ட்டிலும் சரி, 2011, 2018 மாடல்களிலும் சரி, அது 4×100தான், அதாவது நாலு ஸ்டட், 100 மி.மீ. விட்டம். நடு ஓட்டை 54.1 மி.மீ., ஸ்டட்டின் மரை எம்12×1.25 (12 மி.மீ. தடிமன், மரைக்கு மரை 1.25 மி.மீ.). மூன்றுமே ஒன்று என்பதால்தான் கச்சிதமாக உட்காருகிறது. இந்த நடு ஓட்டை விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. வீலை ஹப்பின் (வீல் மாட்டும் அச்சு முனையின்) நடுவில் சரியாக நிறுத்துவது அதுதான். அது தளர்வாக இருந்தால் பேலன்சிங் எத்தனை தடவை செய்தாலும் வேகமாகப் போகும்போது ஸ்டியரிங் உதறும்.

அடுத்தது டயரின் முழு உயரம். உங்கள் காரில் இருப்பது 165/80 ஆர்14. அதாவது அகலம் 165 மி.மீ., டயர் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம். 165-இல் 80 சதவீதம் 132 மி.மீ., மேலும் கீழுமாக 264, அதோடு 14 அங்குலத்துக்கான 355.6-ஐக் கூட்டினால் 619.6 மி.மீ. புது அலாயில் இருப்பது 185/65 ஆர்15 என்றால், அதே கணக்கில் 621.5 வரும். வித்தியாசம் 2 மி.மீ.கூட இல்லை. ரிம் ஒரு அங்குலம் பெரிதாகியும் டயரின் சுவர் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது, அதனால் ஸ்பீடோமீட்டரும் கிலோமீட்டர் கணக்கும் மாறாது, கியர் இழுவையும் மாறாது. ஒரு டயர் தாங்கும் எடையும் கூடுகிறது. 165/80 ஆர்14-இல் வழக்கமாக வரும் லோட் இண்டெக்ஸ் 85, அதாவது 515 கிலோ. 185/65 ஆர்15-இல் அது 88, அதாவது 560 கிலோ. டயரின் பக்கவாட்டில் அளவுக்கு அடுத்து அச்சிட்டிருக்கும் எண் அதுதான். வாங்கும் முன் குனிந்து பார்த்துவிடுங்கள்.

ஆனால் பழைய 165 டயரையே புது ரிம்மில் ஏற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது 14 அங்குல டயர், ஏறவே ஏறாது. 15-இல் வேறு ஏதோ ஒல்லியான டயரைத் தேடி மாட்டுவதும் வேண்டாம், ஒவ்வொரு டயர் அளவுக்கும் இத்தனை அங்குல அகல ரிம் என்று ஒரு வரம்பு இருக்கிறது.

இப்போது ஆஃப்செட். மெக்கானிக்குகளில் பலர் தாண்டிப்போகும் இடம் இது. ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். ரிம்மின் உள்பக்கத்தில் 5.5ஜே, 6ஜே என்று அகலமும், ஈடி என்று தொடங்கி ஒரு எண்ணும் பெரும்பாலும் வார்ப்பிலேயே இருக்கும். ஒரு பேச்சுக்கு, பழைய ரிம் 5.5ஜே, ஈடி 45 என்றும், மாட்டப்போவது 6ஜே, ஈடி 40 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அரை அங்குலம் கூடுவதால் ஒவ்வொரு பக்கமும் 6.35 மி.மீ. வளர்கிறது, ஈடி 5 குறைவதால் முழு வீலும் 5 மி.மீ. வெளியே தள்ளுகிறது. ஆக வெளிப்பக்கம் 11 மி.மீ.க்கு மேல் வெளியே வரும், உள்பக்கம் ஷாக் அப்சார்பரை நோக்கி 1 மி.மீ. சொச்சம் நெருங்கும். பார்க்க அகலமாக அழகாக இருக்கும், ஆனால் வீல் பேரிங்குக்கு வேலை கூடும், ஆள் ஏறியதும் பின்பக்கம் மட்கார்டில் உரசலாம். கம்பெனியின் சொந்த வீலை அதே குடும்பத்துக் காரில் மாட்டும்போது இந்த வித்தியாசம் பெரிதாக இருக்காது. கடைகளில் "எல்லா காருக்கும் ஏறும்" என்று எட்டு ஓட்டையோடு விற்கும் அலாய்களில்தான் ஈடி கண்டபடி இருக்கும். கூடுதல் பணம் கொடுத்தாலும் பரவாயில்லை, கம்பெனி வீலே வாங்குங்கள் என்று நான் ஒவ்வொரு முறையும் சொல்வது இதனால்தான்.

மாட்டியபின் ஒரு சோதனை. நாலு பேரை உள்ளே உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இடது கடைசி, வலது கடைசி இரண்டுக்கும் திருப்பி மெதுவாக ஒரு ஸ்பீட் பிரேக்கர் மேல் ஏற்றி இறக்குங்கள், அப்படியே ரிவர்ஸிலும் ஒரு முறை. டயரின் ஓரங்களில் சாக்பீஸ் தேய்த்து வைத்திருந்தால் எங்கே உரசுகிறது என்பது லைனரில் (மட்கார்டின் உள்பக்க பிளாஸ்டிக் உறையில்) வெள்ளையாகத் தெரிந்துவிடும். உள்பக்கம் ஷாக் அப்சார்பருக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்றும் பாருங்கள். பேலன்சிங் எடையை ரிம் ஓரத்தில் அடிக்காமல் உள்ளே ஒட்டும் வகையில் வைக்கச் சொல்லுங்கள், அது பிரேக் கேலிபரில் (பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் பாகத்தில்) தட்டவும் கூடாது.

பழைய அலாய் என்பதால் இன்னொன்று. டயரைக் கழற்றி, வெறும் ரிம்மை பேலன்சிங் மெஷினில் சுற்றவைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பள்ளத்தில் அடிவாங்கிய அலாய் உள்பக்க ஓரத்தில்தான் வளைந்திருக்கும், வெளியே நின்று பார்த்தால் புதிதுபோல் இருக்கும். வெல்டிங் வைத்த ரிம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். புதிதாக பவுடர் கோட்டிங் அடித்துப் பளபளவென்று இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள், ஆரக்கால் வேர்களில் உள்ள நூலிழை விரிசலை அந்தப் பெயின்ட் மறைத்துவிடும். உங்கள் குழந்தைகள் உட்காரும் காரில் மாட்டப்போகிறீர்கள், விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. டயரில் நாலு இலக்கத் தயாரிப்பு எண்ணையும் பாருங்கள், 1821 என்றால் 2021-இன் 18-ஆவது வாரம்.

மாட்டும்போது ஹப் முகத்தில் இருக்கும் துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்றி, அப்புறம் எதிரெதிராக இறுக்க வேண்டும். ஏர் கன்னால் 'டர்'ரென்று இறுக்கிவிட்டு அனுப்பும் கடைகளில் டார்க் ரெஞ்சு (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) கேளுங்கள், இல்லையென்றால் வேறு கடைக்குப் போங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு முறை இறுக்கம் பார்க்க வேண்டும். உங்கள் பழைய 14 அங்குல டிஸ்க்கில் நல்லதாக ஒன்றை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளுங்கள், உயரம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் ஆபத்துக்கு ஓட்டிப்போகப் பிரச்சினை இல்லை.

கேள்வி (அதே வாசகர்): பலேனோவின் 16 அங்குல அலாயும் ஏறுமாமே?

பதில்: ஏறும். 195/55 ஆர்16, உயரம் 620.9 மி.மீ., கணக்கு அழகாகத்தான் பொருந்துகிறது. ஆனால் டயர் சுவரின் உயரம் 132-இல் இருந்து 107 மி.மீ.க்கு வந்துவிடும். உங்கள் பழைய சஸ்பென்ஷன் அந்த உயரமான சுவரையும் ஒரு பகுதியாக வைத்து அமைத்தது. கிராமத்து ரோடும், இரவில் தெரியாத ஸ்பீட் பிரேக்கரும் உள்ள பாதையில் தினமும் போகிறவருக்கு 15-க்கு மேல் நான் சொல்லமாட்டேன்.

கேள்வி (மதுரை வாசகர்): 2010 இன்னோவா டீசல், குடும்பத்தோடு கோயில் குளம் என்று நிறைய ஓடுகிறது. கிரிஸ்டாவின் அலாய் மாட்டினால் வண்டியே எடுப்பாக இருக்கிறது என்கிறார்கள். நண்பர் ஒருவர் 17 அங்குலமே போட்டிருக்கிறார். நான் 16 போடலாமா 17 போடலாமா?

பதில்: பழைய இன்னோவாவும், 2016-இல் வந்த கிரிஸ்டாவும் இரண்டுமே 5×114.3, நடு ஓட்டை 60.1. ஏறும். ஆனால் ஸ்விஃப்ட்டுக்கு இருந்த சௌகரியம் இங்கே இல்லை, ஏனென்றால் கிரிஸ்டா மாடலில் டொயோட்டா டயரின் உயரத்தையே கூட்டிவிட்டது.

உங்கள் வண்டியின் 205/65 ஆர்15 டயர் 647.5 மி.மீ. உயரம். கிரிஸ்டாவில் வரும் 205/65 ஆர்16 போட்டால் 672.9, ஏறக்குறைய 4 சதவீதம் அதிகம். 215/55 ஆர்17 என்றால் 668.3, அதுவும் 3 சதவீதத்துக்கு மேல். இதனால் மீட்டர் 100 காட்டும்போது வண்டி 103, 104-இல் போய்க்கொண்டிருக்கும், ஏற்றத்தில் ஏழு பேரோடு ஒரு கியர் கூடுதலாகக் குறைக்க வேண்டி வரும், ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்தால் முன் டயர் லைனரில் தொடும் வாய்ப்பும் இருக்கிறது. 3 சதவீதம் என்பது பொதுவாக எல்லாரும் வைத்துக்கொள்ளும் எல்லை, அதற்குள் நிற்பது நல்லது.

ஆகவே 16 அங்குல கிரிஸ்டா ரிம் எடுத்து அதில் 205/60 ஆர்16 போடுங்கள். உயரம் 652.4, ஒரு சதவீதம்கூட வித்தியாசமில்லை. ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது. உங்கள் 205/65 ஆர்15-இன் லோட் இண்டெக்ஸ் 94, டயருக்கு 670 கிலோ. 205/60 ஆர்16-ஐ சும்மா கேட்டு வாங்கினால் 92 கையில் கிடைக்கும், அது 630 கிலோதான். ஏழு பேர், மேலே கேரியரில் பெட்டிகள், மே மாத வெயிலில் தார் ரோடு என்று ஓடும் வண்டியில் டயருக்கு 40 கிலோ தாங்கும் திறனைக் குறைப்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டேன். அதே அளவில் எக்ஸ்எல் (எக்ஸ்ட்ரா லோட், கூடுதல் எடை தாங்குவது) என்று எழுதிய, 96 இண்டெக்ஸ் உள்ள டயர் வரும், 710 கிலோ. ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருந்தாலும் அதையே வாங்குங்கள். எக்ஸ்எல் டயர் தன் முழு எடையையும் தாங்க வேண்டுமானால் காற்றும் கொஞ்சம் கூடுதலாக வைக்க வேண்டும், டயர் கடையில் லோட் டேபிள் பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

நட்டு விஷயத்திலும் கவனம் வேண்டும். டொயோட்டா தன் இரும்பு டிஸ்க்குக்குக் கூம்பு நட்டு கொடுத்து, பல அலாய்களுக்குத் தட்டையான வாஷரோடு கழுத்து நீண்ட நட்டு கொடுத்திருக்கிறது. இரண்டும் ஒரே எம்12×1.5 மரைதான், எதை வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் ஏற்றிவிடலாம், அதுதான் ஆபத்து. தட்டை உட்காரும் இடத்தில் கூம்பை இறுக்கினால் அது ஓட்டையின் விளிம்பை மட்டும் பிடிக்கும், சில நாளில் தளர்ந்துவிடும். அலாய் வாங்கும்போது அந்த அலாயோடு வந்த நட்டையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். இன்னோவாவுக்கு இறுக்கம் 103 நியூட்டன் மீட்டர்.

கேள்வி (கோவை வாசகர்): ஹோண்டா சிட்டி 2014 மாடலின் 15 அங்குல அலாய் மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். இரண்டும் 4×100 என்பதால் என் 2012 ஸ்விஃப்ட்டில் மாட்டலாம் அல்லவா?

பதில்: இப்போதைக்கு மாட்டாதீர்கள். இரண்டு இடத்தில் சிக்கல் இருக்கிறது. ஹோண்டாவின் நடு ஓட்டை 56.1, உங்கள் ஹப் 54.1, நடுவில் 2 மி.மீ. ஆடும். இதற்கு வெளியே 56.1, உள்ளே 54.1 என்ற அளவில் ஹப் ரிங் கிடைக்கிறது, அதைப் போட்டுவிட்டால் அந்தப் பக்கம் சரி. (எதிர்ப்பக்கம் நடக்காது. ஸ்விஃப்ட் வீல் ஹோண்டா ஹப்பில் நுழையவே நுழையாது.)

பெரிய சிக்கல் நட்டு. நட்டின் மரை காரின் ஸ்டட்டுக்கு ஒத்துப்போக வேண்டும், நட்டின் உட்காரும் முகம் வீலுக்கு ஒத்துப்போக வேண்டும். ஹோண்டாவின் கம்பெனி வீலில் நட்டு உட்காரும் குழி பந்துபோல் வளைவானது. மாருதி நட்டு 60 டிகிரி கூம்பு. கூம்பை வளைவுக்குள் இறுக்கினால் ஒரு மெல்லிய வளையம் மட்டும்தான் தொடும். ஹோண்டா நட்டையே போடலாமே என்றால் அது 1.5 மரை, உங்கள் ஸ்டட் 1.25. பலவந்தமாக ஏர் கன்னால் ஏற்றினால் இரண்டு சுற்று ஏறிவிட்டு மரையைத் தின்றுவிடும். உங்களுக்கு வேண்டியது 1.25 மரையும் பந்து முகமும் உள்ள நட்டு. அது கிடைத்து, கையால் திருகும்போதே ஒன்பது பத்து சுற்று தடையில்லாமல் ஏறினால் மாட்டுங்கள். கிடைக்காவிட்டால், சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகம் விற்கும் இடங்களில் ஹோண்டா வைத்திருக்கிற யாராவது இதை வாங்கிக்கொள்வார்கள், அந்தப் பணத்தில் ஸ்விஃப்ட் அல்லது டிசையர் வீல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): அப்பா வாங்கிய மாருதி 800 இன்னும் ஓடுகிறது. 12 அங்குல டயர் கிடைப்பது சிரமமாக இருப்பதால் ஆல்டோ கே10-இன் 13 அங்குல வீல் மாட்ட நினைக்கிறேன். ஓட்டையைக் கொஞ்சம் தேய்த்தால் ஏறும் என்கிறார் லேத் கடைக்காரர்.

பதில்: வேண்டவே வேண்டாம். 800-இன் பிசிடி 4×114.3, ஆல்டோ கே10-இன் பிசிடி 4×100. ஒவ்வொரு ஓட்டையையும் 7 மி.மீ.க்கு மேல் வெளியே இழுத்தால்தான் ஏறும், அப்புறம் நட்டு உட்கார இடமே மிஞ்சாது. ஓடிக்கொண்டிருக்கும்போது வீல் கழன்று ஓடுவது இப்படித்தான். அடாப்டர் தகடு வைக்கிறேன் என்பார்கள், அதுவும் வீலைக் கணிசமாக வெளியே தள்ளி, அந்தச் சின்ன ஹப் மேல் பளுவை ஏற்றும். 145 அளவு 12 அங்குல டயரை இன்னும் தயாரிக்கிறார்கள், டயர் கடையில் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். அப்பாவின் காரை அது வந்த மாதிரியே வைத்திருங்கள்.

கேள்வி (திருச்சி வாசகர்): இதையே தலைகீழாகச் செய்யலாமா? பழைய காரின் வீலைப் புது காருக்கு ஸ்டெப்னியாக?

பதில்: பல நேரம் முடியாது. புது மாடல்களில் பிரேக் டிஸ்க் பெரிதாகிக்கொண்டே வருகிறது, சின்ன ரிம் கேலிபரில் முட்டும். கையால் ஒரு முழுச் சுற்று தடையில்லாமல் சுற்றுகிறதா என்று முன்வீலில் பார்க்காமல் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். பஞ்சராகி ராத்திரி நேரத்தில் பைபாஸில் நிற்கும்போதுதான் ஏறாது என்று தெரியவரும்.

கேள்வி (சேலம் வாசகர்): வீல் மாற்றினால் போலீஸ் பிடிப்பார்களா? இன்ஷூரன்ஸ் போய்விடுமா?

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த விவரத்தோடு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று வைத்தார்கள். பாடிக்கு வெளியே துருத்தும் அகலமான டயர், தூக்கி நிறுத்திய சஸ்பென்ஷன் இவைதான் ரோட்டில் முதலில் கண்ணில் படும். உங்கள் மாடலின் டாப் வேரியண்டுக்குக் கம்பெனியே கொடுத்த அளவு என்றால் மேனுவலைக் காட்டிப் பேசலாம். அதைத் தாண்டிப் போகிறீர்கள் என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதிலையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள். கிளெய்ம் நேரத்தில் வாயால் சொன்னது எதுவும் நிற்காது.

கேள்வி (ஊட்டி வாசகர்): ஜிப்ஸி கிங் வைத்திருக்கிறேன். ஜிம்னி அலாய் போட ஆசை.

பதில்: இரண்டுமே சுஸுகி, இரண்டுமே 5×139.7, இரண்டுமே 15 அங்குலம். ஏறும். ஜிம்னியின் 195/80 ஆர்15 டயர் 693 மி.மீ., உங்கள் 205/70 ஆர்15 டயர் 668. நீலகிரி ஏற்றத்தில் அந்த 25 மி.மீ. கூடுதல் உயரம் இரண்டாவது கியரில் நன்றாகவே தெரியும். தரை இடைவெளி 12 மி.மீ. போலக் கிடைப்பது காட்டு ரோட்டில் உதவும், அது உங்களுக்கு முக்கியம் என்றால் அப்படியே போடுங்கள். இல்லையென்றால் ஜிம்னி ரிம்மில் உங்கள் 205/70-ஐயே ஏற்றிக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியின் முன் ஹப்பில் ஃப்ரீ வீல் லாக் (நாலு சக்கர இழுவைக்காக முன்வீலை இணைக்கவும் விலக்கவும் உள்ள பூட்டு) வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அலாயின் நடு மூடி அங்கே பொருந்தாது, முன் இரண்டையும் மூடி இல்லாமல்தான் விட வேண்டியிருக்கும், மழைக்காலத்தில் அந்த இடத்தைக் கழுவிச் சுத்தமாக வைத்துக்கொண்டால் போதும்.